பக்கிங்ஹாம் கால்வாய் தெரியும்... யார் அந்த பக்கிங்ஹாம்? ஐந்து குடும்பப் பெயர்களோடு மெட்ராஸ் வந்த கவர்னர்!

மணலி புதுநகரிலிருந்து எண்ணூர் பக்கம் போறவங்களுக்கு பக்கிங்ஹாம் கால்வாய் தினமும் கண்ணில் படும். பெரம்பூர் பக்கம் பெரியவங்களைக் கேட்டால், பி அண்ட் சி மில்லில் வரும் 'பி'யும் பக்கிங்ஹாம்தான் என்பார்கள். ஆனால் அது அந்த மனிதரின் பெயரே இல்லை. பட்டம்!

1823-ல் பிறந்த ரிச்சர்ட், பக்கிங்ஹாம் பிரபு பட்டத்தின் மூன்றாவது வாரிசு. குடும்பப் பெயர் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். மூச்சு வாங்குதா?

அடிப்படைப் பெயர் கிரென்வில். 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களோடு வந்த பெயர். 'வில்' என்றால் பிரெஞ்சில் ஊர். நம்மூரில் பெயருக்கு முன்னால் சொந்த ஊரைப் போடுவது மாதிரிதான். நியூஜென்ட்டும் பிரான்ஸில் உள்ள நோஜான் என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்ததுதான். மற்றவை எப்படிச் சேர்ந்தன? சொத்துள்ள வீட்டுப் பெண்களைக் கல்யாணம் செய்யச் செய்ய, சொத்தோடு அந்த வீட்டுப் பெயரும் ஒட்டிக்கொண்டது.

பெயர் நீண்டது, சொத்து நிற்கவில்லை. அப்பா 10 லட்சம் பவுண்டுக்கு மேல் கடனாளி. 1848-ல் ஸ்டோ மாளிகையின் பொருட்கள் 40 நாள் ஏலம் போயின. மகன் ரயில்வே கம்பெனி தலைவர், பிறகு காலனி அமைச்சர் என வேலை பார்த்தே மேலே வந்தார்.

1875 நவம்பரில் மெட்ராஸ் கவர்னர். அடுத்த வருஷமே தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய அதிகாரி, நிவாரண வேலை செய்பவருக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணா போதும் என்று கூலியைக் குறைத்தார். அரைக் கிலோகூட வராது. அந்த அதிகாரியின் பெயரும் ரிச்சர்ட் டெம்பிள்! இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மெட்ராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களில் மெட்ராஸ் அரசு கூலியைக் கூட்டியது. ஆனால் அதற்குள் எத்தனையோ உயிர்கள் போயிருந்தன.

அந்தப் பஞ்சக் கூலிக்கு மண் வெட்டியவர்கள்தான் 1877-78-ல் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். சுமார் 8 கிலோமீட்டர். 1878-ல் கவர்னர் பெயர் முழுக் கால்வாய்க்கும் வைக்கப்பட்டது.

நம்ம வடசென்னைப் பகுதியோ அவர் பிறப்பதற்கு முன்பே, 1806-ல் வெட்டப்பட்டது. பேசில் காக்ரேன் என்ற வியாபாரி மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை வெட்டியது அது. அதுவரை 'காக்ரேன் கால்வாய்' என்றே பெயர். பாவம் காக்ரேன், இன்றைக்கு அவரை யாருக்கும் தெரியாது. மண் வெட்டியவர்கள் பெயர் எந்தக் காலத்திலும் எழுதப்படவில்லை.

1880 டிசம்பரில் கவர்னர் பதவி முடிந்தது. 1889-ல் இறந்தார். மூன்று மகள்கள், மகன் இல்லை. அதோடு அந்தப் பிரபு பட்டமும் முடிந்துபோனது.

விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போன கால்வாய் இப்போது கழிவுநீரோடு கிடக்கிறது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி பக்கமிருந்து எண்ணெய்க் கழிவு இதன் வழியாகத்தான் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. மீனவர்கள் அதை வாளியில் அள்ளினார்கள்.