ஏணியைப் படித்த மனிதர்: ஆர்தர் கோலர்

1932 மார்ச் 1, இரவு. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், ஹோப்வெல் என்ற ஊருக்கு அருகே ஒரு பெரிய வீடு. அட்லாண்டிக் கடலைத் தனியாக, எங்கேயும் இறங்காமல் விமானத்தில் கடந்து உலகப்புகழ் பெற்ற சார்ல்ஸ் லிண்ட்பர்க்கின் வீடு அது. மாடி அறையில் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய 20 மாதக் குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்கு வெளியே கிடந்தது கையால் செய்த ஒரு மர ஏணி. மூன்று துண்டாகப் பிரிக்கலாம். வேலைப்பாடு சுமார்தான். ஒரு இடத்தில் உடைந்தும் இருந்தது.

மிரட்டிக் கேட்ட 50,000 டாலரைக் கொடுத்தும் குழந்தை திரும்பவில்லை. மே 12ஆம் தேதி, வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் உடல்தான் கிடைத்தது. நாடே கொதித்தது. போலீஸ் கையில் இருந்த முக்கியமான தடயங்களில் ஒன்று அந்த ஏணி.

அந்த ஏணியைப் படிக்கத் தெரிந்த ஒருத்தர் விஸ்கான்சின் மாநிலத்தில் இருந்தார். பெயர் ஆர்தர் கோலர். 1885இல் பிறந்தவர். பண்ணை வீட்டில் வளர்ந்தவர், அப்பா தச்சு வேலை தெரிந்தவர். ரம்பமும் இழைப்புளியும் சின்ன வயதிலிருந்தே கைக்குப் பழகியவை. காட்டியல் படித்து, அரசாங்க வனத்துறையில் சேர்ந்து, மேடிசன் நகரில் உள்ள வனப்பொருள் ஆய்வுக்கூடத்தில் மர நிபுணர் ஆனார். ஒரு சிராய்த் துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அது என்ன மரம் என்று சொல்வதுதான் அவர் வேலை. கடத்தல் செய்தியைப் படித்ததும், உதவத் தயார் என்று தானாகவே கடிதம் போட்டார்.

1933இல் முழு ஏணியும் அவர் கைக்கு வந்தது. ஒவ்வொரு கட்டையாகக் கழற்றி எண் போட்டார். படிகள் 1 முதல் 11 வரை, பக்கச் சட்டங்கள் 12 முதல் 17 வரை. பைன் மரத்தில் இரண்டு வகை, டக்ளஸ் ஃபர், பிர்ச் என்று நாலு விதமான மரம் அதில் இருந்தது. ஆனால் மரத்தின் பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா? அந்த மரங்கள் எல்லா ஊரிலும்தான் கிடைக்கும்.

கோலர் அடுத்ததாகப் பார்த்தது, மரத்தின் மேல் இருந்த லேசான வரிகளை. ஆலையில் பலகையை இழைக்கும் இயந்திரத்தில் சுழலும் கத்திகள் விட்ட தடம் அது. ஒரு கத்தி கொஞ்சம் பழுதாக இருந்தாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே மாதிரி வடு விழும். அதை வைத்துக் கணக்குப் போட்டார்: பலகையின் முகத்தை இழைத்த உருளையில் 8 கத்தி, ஓரத்தை இழைத்ததில் 6 கத்தி. இப்படி ஒரு இயந்திரம் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டு 1,598 ஆலைகளுக்குக் கடிதம் போனது. 25 ஆலைகளில் இருந்தது. மாதிரிப் பலகைகளை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்ததில், தென் கரோலினா மாநிலம் மெக்கார்மிக் ஊரில் இருந்த டோர்ன் ஆலையின் பலகை பொருந்தியது.

அந்த ஆலை யார் யாருக்குச் சரக்கு அனுப்பியது என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொரு மரவாடியாக ஏறி இறங்கினார். 1933 நவம்பரில், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு மரவாடியில் அதே தடம் பதிந்த மரம் கிடைத்தது. ஆனால் அங்கே ரொக்க வியாபாரம். யார் வாங்கினார்கள் என்று கணக்கே இல்லை. பாதை அங்கேயே அடைத்துப்போனது.

பத்து மாதம் கழித்து, 1934 செப்டம்பரில், கடத்தல் பணத்திலிருந்து ஒரு நோட்டு பெட்ரோல் பங்கில் மாட்டியது. பிடிபட்டவர் புரூனோ ரிச்சர்ட் ஹாப்ட்மேன், பிராங்க்ஸில் குடியிருந்த தச்சர். கோலர் போய் நின்ற அதே மரவாடியில் வேலை பார்த்தவர், மரமும் வாங்கியவர். அவர் வீட்டு கராஜில் 14,000 டாலருக்கு மேல் கடத்தல் பணம் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது.

இந்த இடத்தில்தான் நம்மைப் போல வேற்று நாட்டில் வாழ்கிறவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்கணும். ஹாப்ட்மேன் ஜெர்மனியிலிருந்து 1923இல் காகிதம் எதுவும் இல்லாமல், கப்பலில் ஒளிந்து வந்தவர். அங்கே ஏற்கெனவே சிறையும் போனவர். ஃபிளெமிங்டன் நீதிமன்றத்துக்கு வெளியே கூட்டமோ கூட்டம். குட்டி ஏணி பொம்மைகளைக்கூட நினைவுப்பொருளாக விற்றார்கள். தண்டனை வேண்டும் என்று உள்ளே கேட்கும் அளவுக்குக் கூச்சல். கொடூரமான குற்றம் நடந்த ஊரில், வெளிநாட்டு உச்சரிப்போடு பேசுகிற ஒருத்தர் கூண்டில் நின்றால் ஜனங்கள் எவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

கோலரின் வேலைக்கு மதிப்பு வருவது இதனால்தான். அந்த மரவாடி வரைக்கும் அவர் நடந்தபோது ஹாப்ட்மேன் என்ற பெயரே யாருக்கும் தெரியாது. முகத்தைப் பார்க்காமல், நாட்டைப் பார்க்காமல், மரத்தை மட்டும் பார்த்துப் போனார்.

இன்னொரு தடயத்தில் அப்படி இல்லை. 16ஆம் எண் சட்டம், ஹாப்ட்மேன் வீட்டுக் கூரையறைத் தரையில் பாதி வெட்டப்பட்டிருந்த பலகையோடு பொருந்தியது. சட்டத்தில் இருந்த 4 ஆணி ஓட்டைகள் கீழே இருந்த உத்தரத்தின் ஓட்டைகளோடு சரியாக உட்கார்ந்தன. வளையங்களின் ஓட்டமும் சேர்ந்து வந்தது. ஆனால் இது கைதுக்குப் பிறகு போலீஸ் கண்டுபிடித்தது. அதனால் போலீஸே செட்டப் பண்ணியது என்று இன்றுவரை சொல்கிறவர்கள் உண்டு. அதற்கு எதிராக ஒரு விஷயம் இருக்கிறது: அந்தச் சட்டத்தில் பழைய ஆணி ஓட்டைகள் இருக்கின்றன, துரு இல்லை, ஆகவே வீட்டுக்குள் மழை படாத இடத்தில் இருந்த பலகை என்று கைதுக்கு முன்னாடியே கோலர் குறித்துவைத்திருந்தார்.

மர நிபுணர் என்று ஒரு ஆளே கிடையாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடினார். நீதிபதி டிரென்சார்ட் ஏற்கவில்லை. ஹாப்ட்மேனின் இழைப்புளியை எடுத்து நீதிமன்றத்திலேயே கட்டையை இழைத்துக் காட்டினார் கோலர். அதன் தடமும் ஏணியில் இருந்த தடமும் ஒன்றாக இருந்தன. 1935 பிப்ரவரி 13இல் தீர்ப்பு. 1936 ஏப்ரல் 3இல் மின்சார நாற்காலி. கடைசி வரைக்கும் தான் நிரபராதி என்றே ஹாப்ட்மேன் சொன்னார். அவர் தனியாகச் செய்தாரா என்று மாநில ஆளுநருக்கே சந்தேகம் இருந்தது.

ஏணி எங்கே எந்த மரத்தில் செய்யப்பட்டது என்று மரம் சொன்னது. அன்று இரவு அதில் ஏறியது யார், கூட யாராவது இருந்தார்களா என்று மரத்தால் சொல்ல முடியாது. இன்று மகரந்தம், விதை, பூஞ்சை எல்லாமே நீதிமன்றத்துக்கு வருகின்றன. அவற்றுக்கும் இதே எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் போய் ஒரு உயிரை எடுத்தது மனிதர்களின் தீர்ப்பு. பிறகு சந்தேகம் வந்தாலும் திருத்த முடியாத தீர்ப்பு அது.

கோலர் 1948இல் ஓய்வு பெற்றார், 1967இல் காலமானார். அந்த ஏணி நியூஜெர்சி மாநிலப் போலீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் இருக்கிற நம்ம ஆட்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். ஆளைப் பார்க்கும் முன் தடயத்தைப் பார்த்த ஒருத்தரின் கதையையும் சொல்லலாம்.