ஜெய்பால் சிங்கும் பழங்குடியினர் ஆலோசனைச் சபையும்

சர்க்கார் ஒரு சட்டம் இயற்றுமுன், அதனால் நன்மையோ தீமையோ அடையவிருப்பவரை அழைத்து அவர் கருத்தைக் கேட்டறிதல் வேண்டும் என்பது இக்காலத்து அரசியல் நெறி. இந்நெறி பற்றியே நம் நாட்டில் ஆலோசனைச் சபைகள் பல தோன்றின. 1942 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழில் இலாகாவை ஏற்றிருந்த டாக்டர் அம்பேத்காரின் தலைமையில், சர்க்கார், முதலாளிகள், தொழிலாளர் என்னும் முத்திறத்தாரும் டில்லியில் ஓரிடத்தே கூடினர். அக்கூட்டத்தினின்று நிலையான தொழிற்குழு ஒன்று பிறந்தது. தொழிலாளர் நிலையை ஆராய 1944 இல் அமைந்த விசாரணைக் குழுவும், வாரத்திற்கு 48 மணி நேர வேலை என்னும் வரையறையும், 1948 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் இத்தகைய கூட்டங்களில் பேசிப் பேசி உருப்பெற்றவை. ஆலைத் தொழிலாளர்க்குச் சங்கம் இருந்தது. சங்கம் தன் பிரதிநிதியை அனுப்பியது. மலையில் சாமை விதைத்து, விளைவு பொய்த்த ஆண்டில் கீழ்நாட்டிற்குக் கூலிக்கு இறங்கும் குடியானவனுக்குச் சங்கம் ஏது? அவன் பொருட்டு யார் சென்று பேசுவார்?

இவ்வினாவை அரசியல் நிர்ணய சபையில் எழுப்பி, மூன்று ஆண்டுகள் விடாது வாதாடியவர் ஜெய்பால் சிங் என்னும் முண்டா குலத்துப் பெரியார். நம் கல்லூரி மாணவருள் அவர் பெயரை அறிந்தவர் பலரும் ஹாக்கி ஆட்டத்தின் வாயிலாகவே அறிந்திருப்பர். அவர் வாழ்வின் பெரும்பகுதி ஆட்டக்களத்திற்கு வெளியே கழிந்தது என்பதைக் காட்டவே இச்சிறு வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

சோட்டா நாகபுரிப் பீடபூமியில், ராஞ்சிக்குத் தெற்கே குந்தியை அடுத்த தாக்ரா என்னும் சிற்றூரில் 1903 ஆம் ஆண்டு ஜனவரி 3 ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரமோத் பாஹன். நிலவுரிமை காக்கக் கிளர்ந்தெழுந்த பிர்சா முண்டா ராஞ்சிச் சிறையில் இறந்து மூன்று ஆண்டுகளே கடந்திருந்த காலம் அது. ஊரார் அப்பெயரைத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்த நாளில் இக்குழந்தை வளர்ந்தது என்று நாம் கருதலாம். சிறுவன் ராஞ்சியில் மிஷனரிமார் நடத்திய செயிண்ட் பால் பள்ளியில் சேர்ந்தான். பள்ளித் தலைவர் கானன் காஸ்கிரேவ் அவனுடைய கூர்மையைக் கண்டு வியந்து, 1918 இல் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஆக்ஸ்போர்டிலுள்ள செயிண்ட் ஜான் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்ற ஜெய்பால், பல்கலைக்கழக ஹாக்கிக் குழுவிலும் சிறந்து விளங்கினார்.

மிஷன் கல்வி ஒருவனைத் தன் சுற்றத்தாரினின்றும் பிரித்துவிடும் என்று குறை கூறுவார் உளர். ஜெய்பால் சிங்கின் வாழ்வில் அக்குறைக்கு ஓரளவு இடமுண்டு என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அவர் தம் மக்களிடம் திரும்பி வர இருபது ஆண்டுகள் சென்றன. ஆயினும் திரும்பி வந்தபோது, அவர்தம் துன்பத்தை ஆட்சியாளரின் மொழியிலேயே ஆட்சியாளரின் முகத்துக்கு நேரே எடுத்துரைக்கும் ஆற்றலோடு வந்தார்.

1928 ஆம் ஆண்டில் அவர் இந்தியன் சிவில் சர்வீஸ் பதவிக்குத் தேர்ந்து இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். அவ்வாண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்ற இந்திய ஹாக்கிக் குழுவிற்கு அவரே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மேலிடத்தார் விடுமுறை தர இசையவில்லை. இசையாவிடினும் அவர் சென்றார். அப்பந்தயத்தில் இந்தியர் 29 கோல்கள் போட்டனர். எதிரிகள் ஒரு கோலும் போட்டிலர். இறுதி ஆட்டத்தில் ஹாலந்தை மூன்று கோல் கணக்கில் வென்று இந்தியா முதன்முறையாகத் தங்கப் பதக்கம் பெற்றது. அவ்விறுதி ஆட்டத்தில் ஜெய்பால் ஆடவில்லை. அதற்குக் கூறப்படும் காரணங்கள் பலவாதலின் அவற்றுள் நாம் புகவில்லை. மீண்டு வந்தவரை, விடுமுறையின்றிச் சென்றமைக்காக மேலும் ஓராண்டு பயிற்சியில் இருக்குமாறு பணித்தனர். அவர் அப்பதவியையே துறந்தார். அக்காலத்தில் அப்பதவிக்கு இருந்த மதிப்பை எண்ணினால், இஃது எளிய செயலன்று.

பின்னர் எண்ணெய்க் கம்பெனி உத்தியோகம், மேற்கு ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட்டிலுள்ள அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியர் வேலை, ராய்ப்பூர் ராஜகுமார் கல்லூரி, பிகானீர் சமஸ்தான உத்தியோகம் எனப் பல துறைகளில் உழன்றார். 1939 ஆம் ஆண்டு ஜனவரியில் ராஞ்சியில் கூடிய ஆதிவாசி மகாசபைக்குத் தலைமை தாங்கியபோதுதான் அவர் தம் வாழ்வின் நெறியைக் கண்டார். அதற்கு முன் சோட்டா நாகபுரியில் கிறிஸ்தவரான பழங்குடியினர்க்கு வேறு சங்கங்களும், ஏனையோர்க்கு வேறு சங்கங்களும் இருந்தன. முண்டா, உராவன், சந்தால், ஹோ என்னும் குலங்களையும், சமய வேறுபாடுகளையும் கடந்து அவரை மக்கள் ஏற்றனர். முண்டாரி மொழியில் பெருந்தலைவர் என்னும் பொருள்பட மரங் கோம்கே என்று அவரை அழைத்தனர்.

1946 ஆம் ஆண்டு டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை கூடிற்று. பீகாரினின்றும் அங்கத்தினராய்ச் சென்ற ஜெய்பால் சிங் டிசம்பர் 19 ஆம் நாள் பேசினார். காட்டான் என்று பிறர் இகழ்ந்து கூறும் பெயரைத் தாம் பெருமையோடு ஏற்பதாகவும், ஆதிவாசிகளுக்கு ஜனநாயகம் கற்பிக்க வேண்டுவதில்லை, அவர்களிடமிருந்து பிறரே கற்க வேண்டும் என்றும் அவர் அப்பேரவையில் கூறினார். அடுத்த ஜனவரி 24 ஆம் நாள், அடிப்படை உரிமைகள், சிறுபான்மையினர், பழங்குடிப் பகுதிகள் ஆகியவற்றை ஆராய ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டபோது, அதில் பழங்குடிப் பெண்மணி ஒருவரேனும் இடம்பெறவில்லையே என்று முறையிட்டார். வயலிலும் காட்டிலும் பாதிக்கு மேல் உழைப்பவள் பெண்; அவளை விடுத்து அவள் நலம் பேசுவது யாங்ஙனம்? சபையில் அன்று அதனைக் கேட்டவர் மிகச் சிலரே.

அவ்வாலோசனைக் குழுவின் கீழ் அமைந்த உபகுழு ஒன்று, தக்கர் பாபா என்று நாடறிந்த ஏ. வி. தக்கரின் தலைமையில், அஸ்ஸாம் நீங்கலாக மற்ற மாகாணங்களின் பழங்குடிப் பகுதிகளை ஆராய்ந்தது. ஜெய்பாலும் அதன் அங்கத்தினர். தக்கர் பாபா தொண்டின் வழியாக மலைமக்களை உயர்த்த எண்ணியவர். ஜெய்பாலோ உரிமையின் வழியாக அவர்கள் தாமே உயர வேண்டுமென எண்ணியவர். இருவரும் ஒரே குழுவில் அமர்ந்து பணியாற்றியது நாட்டிற்கு நன்மையாயிற்று. பழங்குடியினரே பெரும்பான்மையராக உள்ள ஆலோசனைச் சபை மாகாணந்தோறும் வேண்டும் என்னும் கருத்து 1947 ஆம் ஆண்டில் அக்குழுவின் அறிக்கை வாயிலாக உறுதிபெற்றது.

ஆலோசனை என்றால் என்ன என்பதைச் சபையினர்க்கு உணர்த்த அவர் கையாண்ட எடுத்துக்காட்டு ஒன்று சுவையுடையது. 1948 நவம்பரில் மதுவிலக்கு பற்றிய விதி வந்தது. மதுவை நாமும் விரும்பவில்லை. நம்முள் பெரும்பாலோர் அவ்விதியின் பக்கமே நிற்போம். ஆனால் ஜெய்பால், மழையில் நனைந்து முழங்காலளவு சேற்றில் நின்று வங்காளத்து வயல்களில் நாற்று நடும் சந்தால் கூலியாளுக்கு அரிசிக் கள் கிடையாவிடின் நடவே நடவாது என்றும், அது அவர்தம் வழிபாட்டோடும் பிணைந்தது என்றும், அம்மக்களைக் கேளாமலே இவ்விதியை அவர் மீது சுமத்தலாகாது என்றும் வாதித்தார். அவர் முடிபை நாம் ஏற்காவிடினும், கேளாமல் விதித்தல் தகாது என்ற பகுதியை மறுக்க இயலவில்லை.

1949 செப்டம்பர் 5 ஆம் நாள் ஐந்தாம் அட்டவணை விவாதத்திற்கு வந்தது. இதுவே அவருடைய பெரும் போராட்டம். 1948 இல் வெளியான முதல் வரைவின்படி, பழங்குடியினர் ஆலோசனைச் சபை கூறுமாயின், ஒரு சட்டம் அட்டவணைப் பகுதிக்குப் பொருந்தாது என்று கவர்னர் அறிவிக்க வேண்டும். டாக்டர் அம்பேத்கார் அன்று கொணர்ந்த புதிய வடிவத்தில் இது மாறிற்று. எச்சட்டம் பொருந்தும், எது பொருந்தாது என்று முடிவு செய்வது கவர்னர் பாலதாயிற்று. நிலக் கைமாற்றம், வட்டிக்கடன் முதலியவற்றைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குகளை இயற்றும்போது அவர் சபையோடு கலந்தாலோசித்தல் மட்டும் போதும். சபையில் 20 பேர்க்கு மேற்படாமல் அமரலாம். அவருள் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சட்டசபையிலுள்ள பழங்குடிப் பிரதிநிதிகளாக இருத்தல் வேண்டும். ஆனால் சபை தானே ஒரு பொருளை எடுத்துப் பேச இயலாது. கவர்னர் விடுக்கும் பொருளைப் பற்றியே ஆலோசனை கூறலாம்.

இலக்கணம் பயிலும் நமக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும். ஆலோசனைப்படி செய்தல் வேறு. ஆலோசித்துச் செய்தல் வேறு. முன்னதில் உரைத்தவன் சொல் செயலைக் கட்டும். பின்னதில் கேட்டவன் தலையசைத்துவிட்டுத் தன் எண்ணப்படியே செய்யலாம். ஜெய்பால் சிங் இதனைக் கண்டு, சபையின் உயிர் போயிற்று, உடலே எஞ்சிற்று என்னும் கருத்துப்பட வருந்திப் பேசித் திருத்தங்களைக் கொணர்ந்தார். சட்டசபைக்குப் பொறுப்புடைய மந்திரிகள் இருக்க, நியமனச் சபையொன்று அவரைக் கட்டுப்படுத்தல் ஜனநாயகமாகுமோ என்று எதிர்வாதம் கூறுவார்க்கும் நியாயம் உண்டு. ஆயினும் நூற்றுக்குச் சிலராய் வாழும் மலைமக்கள் சட்டசபை வாக்கெடுப்பில் என்றும் தோற்பவரே. அவர்க்கெனத் தனிச்சபை வகுத்ததன் நோக்கமே அக்குறையை நிரப்புவது. ஆதலின் ஜெய்பாலின் பக்கமே வலியுடையது என்று நமக்குத் தோன்றுகிறது. அட்டவணை பெரும்பாலும் அம்பேத்கார் கொணர்ந்த வடிவிலேயே நிறைவேறியது.

ஆலோசனைக்கு அதிகாரம் இல்லாவிடின் பயனே இல்லை என்று நாம் கூறவில்லை. 2004 ஆம் ஆண்டு டில்லியில் அமைந்த தேசிய ஆலோசனைக் குழுவிற்குச் சட்ட அதிகாரம் எதுவும் இல்லை. எனினும் 2005 ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் அதன் கை தெளிவாகத் தெரிந்தது. ஆளுங்கூட்டணியின் தலைவராகிய சோனியா காந்தியே அதன் தலைமையில் அமர்ந்திருந்தார். ஆதலின் அதன் சொல் மந்திரிசபையின் செவியில் ஏறிற்று. மலைக்குடிகளின் சபைக்கு அத்தகைய செவி என்றும் வாய்த்ததில்லை.

பிற்கால வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1950 இல் ஜார்க்கண்ட் கட்சியை நிறுவினார். 1952 தேர்தலில் அது பீகார் சட்டசபையில் முதன்மையான எதிர்க்கட்சியாயிற்று. தனி ராஜ்யக் கோரிக்கையை ராஜ்ய மறுசீரமைப்புக் குழு 1955 இல் ஏற்கவில்லை. 1963 இல் அவர் தம் கட்சியைக் காங்கிரஸில் இணைத்துவிட்டார். தொண்டர் பலர் இதனைப் பொறுக்கவில்லை; நாமும் இதனைப் புகழ்வதற்கில்லை. வெளியே நின்று கேட்டு ஓய்ந்தவர் உள்ளே புகுந்து பெறலாம் என எண்ணினார் போலும். பெற்றது சிறிது, இழந்தது பெரிது. 1952 முதல் இறக்கும் வரை லோகசபை அங்கத்தினராக இருந்து, 1970 மார்ச்சு 20 ஆம் நாள் காலமானார். அவர் கேட்ட ஜார்க்கண்ட் ராஜ்யம், பிர்சா முண்டாவின் பிறந்தநாளாகிய நவம்பர் 15 அன்று, 2000 ஆம் ஆண்டில் தோன்றிற்று.

இனி நம் மலைக்கு வருவோம். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஜில்லாக்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்பதே அப்பெயரின் பொருள். கேரள நாட்டாரோடு அவரை மயங்குதல் பிழை. சாமையும் கேழ்வரகும் விதைத்து, தேனும் கடுக்காயும் புளியும் சேர்த்து ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்குக் கொணரும் இவர்கள், ஜெய்பால் சிங் எவர் பொருட்டுப் பேசினாரோ அவருள் அடங்கியவரே. ஆயினும் ஐந்தாம் அட்டவணையின் முழுப் பாதுகாப்பு இவர்க்கு இல்லை. 1936 ஆம் ஆண்டு ஆங்கில அரசாங்கம் விலக்கிய பகுதிகளை வரையறுத்தபோது, சென்னை மாகாணத்தின் வடகோடியிலுள்ள கோதாவரி, விசாகப்பட்டின ஏஜன்சி மலைகளைக் குறித்ததேயன்றி ஜவ்வாது மலையைக் குறிக்கவில்லை. அப்பழைய கோடுகளைத் தழுவியே 1950 இல் அட்டவணைப் பகுதிகள் அமைந்தன. தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி ஒன்றும் இல்லை. ஆதலால் அத்தகைய பகுதிகளின் கிராம சபைகளுக்கு நிலம், காடு முதலியவற்றின் மீது உரிமை நல்கிய 1996 ஆம் ஆண்டுச் சட்டமும் இம்மலையேறி வரவில்லை.

அட்டவணைப் பகுதி இல்லாவிடினும் பழங்குடியினர் வாழும் ராஜ்யத்தில், ஜனாதிபதி பணித்தால் ஆலோசனைச் சபை அமைக்கலாம் என்று அவ்வட்டவணையிலேயே ஓர் இடம் உண்டு. அதன்படி தமிழ்நாட்டிலும் பழங்குடியினர் ஆலோசனைச் சபை இருக்கிறது. இம்மலையின் ஆடவர் பலர் வேலை தேடிக் கீழே இறங்குகின்றனர். செம்மரம் வெட்டும் கூலிக்குத் தரகர்பின் சென்றோரும் அவருள் உண்டு. 2015 ஏப்ரல் 7 ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவற்படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டினர் 20 பேர் மாண்டனர். அவருள் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். இம்மலையினின்று எத்தனை பேர் கூலிக்கு இறங்குகின்றனர், யார் அழைத்துச் செல்கின்றனர், என்ன கூலி பெறுகின்றனர் என்னும் பொருளை அச்சபையின் முன் வைக்கும் உரிமை, 1949 இல் எழுதப்பெற்ற சொற்களின்படி, இன்றும் கவர்னரிடமே உள்ளது.