அல்வா இனிக்கிறது, கோதுமைப்பால் ஏன் இனிக்கவில்லை? சர்க்கரையின் உருவத்தைக் கண்டுபிடித்த எமில் ஃபிஷரின் கதை

திருநெல்வேலி அல்வாவுக்கு அந்த ருசி வருவதற்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்பது ஊர்ப்பேச்சு. ஆனால் அல்வா கிண்டுவதில் பாதி வேலை கோதுமைப்பாலுக்குத்தான். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து எடுக்கிற அந்தப் பாலை அப்படியே வாயில் ஊற்றினால் இனிப்பே தெரியாது. சர்க்கரையைக் கொட்டின பிறகுதான் அது அல்வா.

ஆனால் விஷயம் என்னன்னா, அந்தக் கோதுமைப்பாலில் இருக்கும் மாவுச்சத்து முழுக்க குளுக்கோஸால் ஆனதுதான்.

தெற்கே உடன்குடிப் பக்கம் போனால் பனைமரமும் இதே கதையைச் சொல்லும். பதநீர் இனிக்கும். பனங்கிழங்கு மாவு மாதிரி இருக்கும். பனை நாரை மென்றால் வெறும் சக்கை. மூன்றிலும் குளுக்கோஸ் இருக்கிறது. அப்புறம் ஏன் ஒன்று இனிக்கிறது, மற்றொன்று இனிக்கவில்லை? இந்தக் கேள்விக்கு வழி திறந்துவிட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த எமில் ஃபிஷர்.

யார் இந்த ஃபிஷர்?

1852 அக்டோபர் 9-ல், கொலோன் நகரம் பக்கத்தில் உள்ள ஆய்ஸ்கிர்ஷன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வசதியான வியாபாரி. மகனைக் குடும்பத்தின் மரவியாபாரத்தில் உட்காரவைத்துப் பார்த்தார்கள், சரிப்பட்டு வரவில்லை. சரி, படிக்கட்டும் என்று 1871-ல் பான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அடுத்து ஸ்ட்ராஸ்பர்க் போய், புகழ்பெற்ற வேதியியலாளர் பேயரிடம் சேர்ந்தார். 1874-ல் டாக்டர் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது 21.

மறுவருஷமே, 1875-ல், ஃபீனைல்ஹைட்ரசீன் என்ற புது ரசாயனத்தைக் கண்டுபிடித்தார். அவர் வாழ்க்கையை உயர்த்தியதும் உடம்பைக் கெடுத்ததும் அதுதான்.

பாகில் சிக்கிய விஞ்ஞானம்

அன்றைக்குச் சர்க்கரைகளை ஆராய்வது பெரிய தலைவலி. ரசாயனத்தைக் கலந்தால் பிசுபிசுன்னு பாகாக நிற்கும், படிகமாக உறையாது. படிகம் கிடைக்காவிட்டால் எது எந்தச் சர்க்கரை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

1884-ல் ஃபிஷர் தன் ரசாயனத்தைச் சர்க்கரையில் சேர்த்துப் பார்த்தார். அழகான மஞ்சள் படிகங்கள் கிடைத்தன. அதில் ஓர் ஆச்சரியம்: குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், மானோஸ் மூன்றும் ஒரே படிகத்தைக் கொடுத்தன. அப்படியென்றால் மூன்றுக்கும் உடம்பு ஒன்று, தலைப்பக்கம் மட்டும்தான் வேறு.

அணு எண்ணிக்கையும் மூன்றுக்கும் ஒன்றுதான்: 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். ஆனால் அணுக்கள் எப்படி அமைந்து நிற்கின்றன என்பதில் வித்தியாசம். குளுக்கோஸ் வகைச் சர்க்கரைக்கு மட்டும் இப்படி 16 அமைப்புகள் சாத்தியம். அதில் குளுக்கோஸ் எது?

மூலக்கூறைப் பார்க்க எந்தக் கருவியும் இல்லாத காலம் அது. 1890-ல் கிளிசரினில் தொடங்கி, ஆய்வுக்கூடத்திலேயே குளுக்கோஸைச் செய்து காட்டினார். 1891-ல், சோதனை முடிவுகளையும் தர்க்கத்தையும் மட்டும் வைத்து குளுக்கோஸின் அமைப்பைச் சொல்லிவிட்டார். கடைசியில் இரண்டே வாய்ப்பு மிஞ்சியது. வலது கை, இடது கை மாதிரி ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். எது சரி என்று கண்டுபிடிக்க அப்போது வழியே கிடையாது. ஒன்றை வைத்துக்கொண்டு மேலே போனார்.

அவர் இறந்து 32 வருஷம் கழித்து, 1951-ல், நெதர்லாந்து விஞ்ஞானி பைஃபுட்டின் எக்ஸ்ரே ஆய்வில்தான் தெரிந்தது, அவர் எடுத்த பக்கம் சரியானது என்று.

பதநீர் ஏன் கள்ளாகிறது?

ஈஸ்ட் எல்லாச் சர்க்கரையையும் புளிக்கவைப்பதில்லை என்பதையும் ஃபிஷர் கவனித்தார். அமைப்பு பொருந்தினால் வேலை நடக்கும், கண்ணாடி பிம்பத்தைக் கொடுத்தால் தொடாது. 1894-ல் இதைப் பூட்டு, சாவி என்று விளக்கினார். நொதி பூட்டு, சர்க்கரை சாவி.

பதநீரில் நடப்பதும் இதுதான். அதில் அதிகம் இருப்பது சுக்ரோஸ், அதாவது ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் சேர்ந்த ஜோடி. ஈஸ்ட்டின் நொதி அந்த ஜோடியைப் பிரிக்கும், பிறகு ஆல்கஹால் ஆகும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அந்த வேலை தடைப்படும், பதநீர் பதநீராகவே இருக்கும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி.

எது எவ்வளவு இனிக்கும்?

வீட்டுச் சர்க்கரையான சுக்ரோஸின் இனிப்பை 100 என்று வைத்துக்கொண்டால், குளுக்கோஸ் சுமார் 70. தேனிலும் பழத்திலும் உள்ள ஃபிரக்டோஸ் 120-க்கும் மேல். பாலில் உள்ள லாக்டோஸ் 20-ஐ ஒட்டித்தான். மாவுச்சத்து பூஜ்யம்.

காரணம் உருவம். நாக்கில் உள்ள இனிப்பு உணரியும் ஒரு பூட்டு மாதிரி. சின்னச் சர்க்கரை அதில் பொருந்தும், நீளமான மாவுச்சத்துச் சங்கிலி பொருந்தாது. சோற்றை ரொம்ப நேரம் மென்றால் லேசாக இனிப்பது எச்சில் அந்தச் சங்கிலியை வெட்டுவதால்தான். நாரிலும் குளுக்கோஸ் சங்கிலிதான், ஆனால் கோத்த விதம் வேறு. அதை வெட்டும் நொதி நம் உடம்பில் இல்லை.

புகழும் இழப்பும்

1892-ல் பெர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1902-ல் வேதியியலுக்கான இரண்டாவது நோபல் பரிசு அவருக்கு. சர்க்கரையோடு, காபியில் உள்ள காஃபீன் வகைப் பொருள்களை ஆராய்ந்ததற்கும் சேர்த்துத்தான் அந்தப் பரிசு.

வீட்டில் நிலைமை வேறு. 1888-ல் திருமணம் செய்த மனைவி ஆக்னஸ், மூன்று மகன்களை விட்டுவிட்டு 1895-ல் இறந்தார். ஃபீனைல்ஹைட்ரசீன் விஷம் அவர் உடம்பை வருஷக்கணக்கில் வாட்டியது. முதல் உலகப் போர்க் காலத்தில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தார். புற்றுநோயும் வந்தது. 1919 ஜூலை 15-ல் மறைந்தார். மிஞ்சிய மகன் ஹெர்மன், அப்பா வழியிலேயே சர்க்கரை வேதியியலில் பெயர் எடுத்தார்.

நமக்கு இதில் என்ன?

இனிக்கவில்லை என்றால் சர்க்கரை இல்லை என்று நினைப்பது தப்பு. இட்லியும் சோறும் நாக்குக்கு இனிக்காது, ஆனால் குடலில் வெட்டுப்பட்டு குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் சேரும். சர்க்கரை நோயாளிகள் அல்வாவை மட்டும் தள்ளிவைத்துவிட்டு, சோற்றின் அளவைக் கவனிக்காமல் விட்டால் பலன் குறைவு. வீட்டில் விரல்நுனி ரத்தம் வைத்துப் பார்க்கும் பல கருவிகளிலும் வேலை செய்வது ஒரு நொதிதான். குளுக்கோஸின் உருவத்தை அது அடையாளம் காண்கிறது, ஃபிஷர் சொன்ன அதே பூட்டு, சாவி முறையில்.