காட்டை எண்ணப் போன ஜானகி அம்மாள்



நான் ஏறிய பெரிய மலை நம்ம நார்த்தாமலைதான். காடு என்றால் எனக்குத் தைல மரக்காடு. ஒரே மரம், வரிசை வரிசையாக. அதனால் கேரளாவில் நீலகிரி மலையை ஒட்டி இருக்கும் அமைதிப் பள்ளத்தாக்கைப் பற்றிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. உச்சி 2300 மீட்டருக்கும் மேல். கீழே மழைக்காடு, மேலே புல்வெளியும் சோலையும். சிங்கவால் குரங்குக்கு அதுதான் வீடு. அந்தக் காட்டுக்காக 80 வயதில் நின்றவர் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள்.

1897 நவம்பர் 4-ல் தலச்சேரியில் பிறந்தார். பெரிய குடும்பம். அக்கா தங்கைகளுக்குக் கல்யாணம் ஆனது. இவருக்கும் பேச்சு நடந்ததாம். இவரோ படிக்கச் சென்னைக்கு வந்துவிட்டார். ராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி, பிறகு அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம். 1931-ல் டாக்டர் பட்டம். கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. (இந்த இடத்தை எங்க அக்காவுக்கு ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினேன். அக்காவுக்கும் இப்ப பேச்சு நடக்குது.)

செல்லுக்குள் நூல் மாதிரி இருக்குமே குரோமோசோம், அதை எண்ணுவதுதான் அவர் வேலை. கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடு கூட ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார். போர் நடந்தபோது லண்டனில் இருந்தார். ராத்திரி குண்டு விழுந்தால் கட்டிலுக்கு அடியில் படுப்பாராம். காலையில் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்குவாராம்! 1945-ல் டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் கணக்கைப் புத்தகமாகப் போட்டார். 1951-ல் நேரு கூப்பிட்டதால் நாடு திரும்பினார்.

1970-களில் அந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்திப்புழா ஆற்றில் மின்சாரத்துக்கு அணை கட்டத் திட்டம் போட்டார்கள். 8 சதுர கிலோமீட்டர் காடு மூழ்கும். கொஞ்ச இடம்தானே என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அதில் என்னென்ன மரம் இருக்கிறது என்ற கணக்கே முழுசாக இல்லை. எண்ணாமலே எப்படி மூழ்கடிப்பது? அந்த மரங்களின் குரோமோசோம்களை எண்ணும் வேலையை ஜானகி அம்மாள் கையில் எடுத்தார். எதிர்த்த பலரோடு இவரும் நின்றார்.

1983-ல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7-ல் சென்னை மதுரவாயலில் அவர் இறந்தார். அதே வருஷம் நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. அதை அவர் பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாச்சியும் தைல மரக்காட்டுக்குச் சுள்ளி பொறுக்கப் போனோம். தைலம் தவிர வேறு என்ன முளைத்திருக்கிறது என்று எண்ணினேன். பதினொரு செடி. எனக்கு நாலுக்குத்தான் பேர் தெரிந்தது. அம்மாச்சிக்கு ஒன்பதுக்குத் தெரியும். மீதி ரெண்டையும் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன், அறிவியல் டீச்சரிடம் கேட்கணும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, குளத்தூர்