பூதப்பாண்டி தந்த பொதுவுடைமைவாதி ஜீவா

சாலை பஜாரில் மூட்டை இறக்கும் நண்பரும் சரி, ஆபீசில் பைல்களோடு மல்லாடும் குமாஸ்தாவும் சரி, தேர்தல் வந்துவிட்டால் ஒரே இடத்தில் திகைத்து நிற்கிறார்கள். இடது என்கிறார்களே, வலது என்கிறார்களே, அது என்ன? கொடியின் நிறம் தெரிகிறது, கொள்கை தெரிவதில்லை. இதற்குத் தடித்த புத்தகங்களைப் புரட்டுவதைவிட, நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். அவர்தான் ப. ஜீவானந்தம்.

ஜீவா 1907 ஆகஸ்டு 21-ஆம் தேதி நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சொரிமுத்து. அந்த ஊர் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆகவே பிறப்பால் அவருக்குத் தலைநகரம் சென்னையல்ல, திருவனந்தபுரம்தான். வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்க உரிமை கேட்டு 1924-ல் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது அவர் பள்ளிப் பருவத்தைத் தாண்டாத இளைஞர். துணிந்து போய்க் கலந்துகொண்டார். அடுத்து சுசீந்திரத்திலும் அதே கிளர்ச்சி.

பிறகு சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் சேர்ந்தார். தேசபக்தி போதித்த அந்த இடத்திலேயே சாதி பார்த்துத் தனிப்பந்தி போட்டார்கள். நாடு விடுதலையாக வேண்டும், ஆனால் இலை மட்டும் தனித்தனியாக இருக்கலாம் என்ற நியாயம் அவருக்குச் செரிக்கவில்லை, வெளியேறினார். காரைக்குடி அருகே சிராவயலில் ஆசிரமம் நடத்தினார். கதர் நூற்பும், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடமுமாக நாட்கள் சென்றன. 1927-ல் காந்தியடிகளே அங்கு சென்று இந்த இளைஞரைச் சந்தித்தார். ஆனால் வருணாசிரமம் பற்றி மகாத்மா சொன்னதை ஜீவா ஏற்கவில்லை. மரியாதையோடு, ஆனால் ஒளிக்காமல், அவருக்கே எழுதிக் கேட்டார்.

இடதும் வலதும்

இங்கே கொஞ்சம் பிரான்சு வரை போய் வருவோம். 1789-ல் அந்நாட்டுச் சபையில் மன்னரின் அதிகாரம் நீடிக்க வேண்டும் என்றவர்கள் தலைவருக்கு வலப்புறமும், அதை வெட்ட வேண்டும் என்றவர்கள் இடப்புறமும் அமர்ந்தார்கள். உட்கார்ந்த இடமே கொள்கைக்குப் பெயராகிவிட்டது. சொத்துரிமை, மரபு, சமயம், வியாபார சுதந்திரம் ஆகியவற்றைக் காக்க வேண்டும், மாற்றம் மெதுவாக வரட்டும் என்பவர் வலதுசாரி. ஏற்றத்தாழ்வைக் குறைக்கச் சர்க்கார் தலையிட வேண்டும் என்பவர் இடதுசாரி.

அந்த இடப்பக்கத்தின் கோடியில் நிற்பது கம்யூனிசம். ஒரு முந்திரி ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி தன் கூலிக்கு ஈடான வேலையை உச்சிப் பொழுதுக்குள் முடித்துவிடுகிறாள் என்று வைப்போம். பிற்பகல் உழைப்பெல்லாம் யாருக்கு? முதலாளியின் லாபம் அதிலிருந்துதான் வருகிறது என்று கணக்குக் காட்டினார் கார்ல் மார்க்ஸ். ஆகவே ஆலையும் நிலமும் சமூகத்துக்குப் பொதுவாக வேண்டும் என்றார். எதிர்த்தரப்பும் வாயடைத்து நிற்கவில்லை. லாபமே இல்லையென்றால் ஆலை வைக்க யார் வருவார்? எல்லாம் சர்க்கார் கைக்குப் போனால், சர்க்காரைத் தட்டிக் கேட்பவர் யார்? 1959-ல் ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கியது இந்த வாதத்தை வைத்துத்தான். லேசான கேள்வியல்ல அது.

ஜீவா பந்தியில் கேட்ட கேள்வியை இப்போது ஆலையில் கேட்டார். பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் இருந்தபோது, பகத்சிங் நாத்திகம் பற்றி எழுதிய நூலைத் தமிழாக்கிச் சிறை சென்றார். சர்க்காரின் அடக்குமுறை கண்டு இயக்கம் சமதர்மப் பிரசாரத்தைக் குறைத்தபோது, 1936-ல் பிரிந்தார். காங்கிரசுக்குள் இருந்த சோஷலிஸ்டுகளோடு சேர்ந்தார். அங்கிருந்து கம்யூனிஸ்ட் ஆனார். 1937-ல் தொடங்கிய ஜனசக்தியின் ஆசிரியரும் அவரே. கட்சி மாறியவர் என்று இவரை எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் அவர் இழந்தாரே தவிர, எதையும் சம்பாதிக்கவில்லை.

அவர் கட்சி தவறே செய்யாதது என்று சொல்ல வரவில்லை. 1941-ல் ஹிட்லர் சோவியத் நாட்டைத் தாக்கியதும், உலக யுத்தத்தை ஆதரித்து, 1942-ன் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சேராமல் நின்றது. அந்தப் பழி நெடுநாள் தொடர்ந்தது. சுதந்திரத்துக்குப் பின் கட்சி தடை செய்யப்பட, ஜீவா தலைமறைவானார்.

1952-ல் வண்ணாரப்பேட்டைத் தொழிலாளிகள் அவரைச் சென்னைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் விரோதிகளாக அறிவித்த ராஜாஜிதான் அப்போது முதல் மந்திரி. சட்டசபையில் ஆளுங்கட்சி சபாநாயகரின் வலப்பக்கமும் எதிர்க்கட்சி இடப்பக்கமும் அமர்வது வழக்கம். அந்த முறையில் ஜீவாவுக்கு இடமும் கொள்கையும் பொருந்திவிட்டன! திருவனந்தபுரத்தில் நேர்மாறு. 1957-ல் 126 இடங்களில் 60-ஐப் பிடித்து, சுயேச்சைகள் ஆதரவோடு இ.எம்.எஸ். மந்திரி சபை ஏப்ரல் 5-ஆம் தேதி பதவியேற்றபோது, இடதுசாரிகள் வலப்பக்க நாற்காலிகளுக்கு வந்தார்கள். குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதற்கு உடனே தடை போட்டார்கள். 1959 ஜூலை 31-ல் மத்திய சர்க்கார் அந்த மந்திரி சபையைக் கலைத்தது.

ஜீவா அந்த 1957 தேர்தலுக்குப் பின் சட்டசபைக்குத் திரும்பவில்லை. தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்தார். முதல் மந்திரி காமராஜர் நேரில் வந்து பார்த்து வருந்தி வீடு தர முன்வந்தும், அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு இல்லாதது தமக்கு வேண்டாம் என மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். மேடைகளில் மார்க்ஸைப் போலவே பாரதியையும் கம்பனையும் மணிக்கணக்கில் பேசினார். 1963 ஜனவரி 18-ஆம் தேதி காலமானார்.

மறு ஆண்டே கட்சி இரண்டாகப் பிளந்தது. பத்திரிகைகள் ஒன்றை வலது கம்யூனிஸ்ட் என்றும், மற்றதை இடது கம்யூனிஸ்ட் என்றும் எழுதின. ஜீவா இருந்திருந்தால் எந்தப் பக்கம் போயிருப்பார் என்ற தர்க்கம் டீக்கடைகளில் நெடுநாள் நடந்தது. நாகர்கோவிலில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. லீவில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நடை எட்டிப் பார்க்கலாம்.