சவலைப் பிள்ளையின் தோலைப் படித்த டாக்டரம்மா



உலு திராம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்து பழகிய பாட்டிமார் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சவலை என்றால் என்னவென்று உடனே சொல்வார்கள். கைப்பிள்ளை இருக்கும்போதே தாய் மறுபடி முழுகாமல் இருப்பாள். மூத்ததற்குப் பால் நின்றுவிடும். பிள்ளை சிணுங்கும், கைகால் இளைக்கும், வயிறு மட்டும் முன்னே தள்ளும். தோல் வறண்டு சொரசொரவென்று போய்விடும். கரப்பான் என்று எண்ணெய் தடவுவார்கள். தோஷம் என்று மந்திரிப்பார்கள். பிள்ளைக்குச் சாப்பாட்டில் என்ன குறை என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு பெண் டாக்டர். சிசிலி வில்லியம்ஸ் என்பது அவர் பெயர். நம் மலாயா மண்ணிலும் வேலை செய்தவர், இங்கே சிறையும் பட்டவர்.

1893-ஆம் ஆண்டு ஜமைக்கா தீவில் பிறந்தார். தோட்ட முதலாளிக் குடும்பம்தான். ஆனால் அவர் வாழ்க்கை போன வழி வேறு. முதலாம் உலகப் போரில் ஆண்கள் சண்டைக்குப் போய்விட்டதால், பெண்களுக்கும் டாக்டர் படிப்பில் இடம் கிடைத்தது. ஆக்ஸ்போர்டில் படித்து, 1923-இல் டாக்டரானார்.

1929-இல் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, அரசாங்க வேலையில் போனார். அங்கே ஒன்று முதல் நாலு வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி நோயோடு வந்தார்கள். கால் வீங்கியிருந்தது, முடி செம்பட்டையாகியிருந்தது. தோல் கறுத்து, பழைய சுவரில் பெயிண்ட் உரிவது போல உரிந்தது. பெரிய டாக்டர்கள் இது பெல்லாக்ரா என்றார்கள். நியாசின் என்ற வைட்டமின் குறைந்தால் வரும் நோய் அது. அம்மையார் ஒத்துக்கொள்ளவில்லை. பெல்லாக்ராவில் வெயில் படும் இடத்தில்தான் தோல் கெடும். இந்தப் பிள்ளைகளுக்கோ வெயிலே படாத இடுப்பிலும் தொடையிலும் உரிந்திருந்தது.

இது என்ன நோய் என்று அவர் தாய்மார்களையே கேட்டார். கா என்ற அவர்கள் மொழியில் அதற்குக் குவாஷியோர்க்கர் என்று பெயர். அடுத்த பிள்ளை வந்ததும் மூத்ததைப் பிடிக்கும் நோய் என்று அர்த்தம். பாருங்கள், நம் பாட்டிமார் சொன்ன சவலையேதான்! கடல் தாண்டிய இரண்டு சனங்கள் ஒரே காரணத்தைக் கண்டு வைத்திருந்தார்கள். பால் நின்றபின் பிள்ளைக்குக் கிடைத்தது வெறும் சோளக் கஞ்சி. அதில் புரதம் போதவில்லை என்று அவர் 1933-இல் எழுதினார். 1935-இல் தாய்மார்கள் சொன்ன பெயரையே வைத்து, லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் எழுதினார்.

1936-இல் அவரை மலாயாவுக்கு மாற்றினார்கள். சிங்கப்பூரில் அவர் கண்டது வேறு கொடுமை. தாய்ப்பால் உள்ள தாய்மார்களிடமே சர்க்கரை போட்ட டின் பாலைக் குழந்தைக்கு நல்லதென்று விற்றார்கள். நர்ஸ் உடுப்புப் போட்ட பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில், கொழுப்பெடுத்த டின் பாலில் குழந்தைக்கு ஏற்றதல்ல என்று அச்சிட வேண்டுமென்று சட்டம் இருந்தது! 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பெரிய மனிதர்கள் முன்னே எழுந்து நின்று, இதைக் கொலை என்றே பேசினார். அந்தப் பேச்சுக்குப் பாலும் கொலையும் என்றே தலைப்பு.

ஜப்பான்காரன் வந்தபோது அவர் திரங்கானுவில் இருந்தார். தப்பிச் சிங்கப்பூர் வந்தும், பிடிபட்டுச் சாங்கி முகாமில் அடைபட்டார். கெம்பெய்தாய் பிடியில் மாதக்கணக்கில் வதைபட்டார். அந்தப் பஞ்சத்திலும் முகாமில் இருபது குழந்தைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன. அம்மையாரையோ பெரிபெரி பிடித்தது. அதுவும் சத்துக் குறைவு நோய்தான்.

போருக்குப் பின் மலாயாவின் தாய் சேய் நலப் பொறுப்பை ஏற்றார். 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தில் அதே பிரிவின் முதல் தலைவரானார். 1981-இல் குழந்தைப் பால் விற்பனைக்கு உலக அளவில் விதிமுறை வந்ததைக் கண்ணால் பார்த்தார். 1992-இல், 98 வயதில் காலமானார்.

தோழர்களே, அந்த நோய்க்குப் புரதக் குறைவு மட்டும்தானா காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் தோலுக்குச் சாப்பாடு வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. தோல் நாளும் உதிர்ந்து நாளும் புதிதாகிறது. அதற்குப் புரதம் வேண்டும், துத்தநாகம் வேண்டும், வைட்டமின் ஏ, சி, நியாசின் எல்லாம் வேண்டும். முட்டை, நெத்திலி, பருப்பு, கடலை, முருங்கைக்கீரை, கங்கோங், பப்பாளி, கொய்யா. இவை நமக்கு எட்டாத பண்டங்களா?

இன்றைக்கு உலு திராமில் பால் மரம் போய்ச் செம்பனை வந்து, பல இடங்களில் அதுவும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. டின் பால் விற்ற இடத்தில் தோல் மினுமினுக்க மாத்திரை விற்கிறார்கள். ரத்தத்தில் குறை இருப்பதாக டாக்டர் சொன்னால் மாத்திரை போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. சும்மா விழுங்கினால் காசுக்குத்தான் கேடு. வைட்டமின் ஏ அளவு மிஞ்சினால் வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்து.

பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். பிறகு தாய்ப்பாலோடு, மசித்த சோற்றில் பருப்பும் முட்டையும் கீரையும் சேர்த்து ஊட்டுங்கள். டின் பால் தேத்தண்ணீருக்கு இருக்கட்டும். பிள்ளை தோல் சொரசொரத்தால், வீங்கினால், உரிந்தால், மந்திரிக்க ஓடாமல் கிளினிக்குக்குத் தூக்கிப் போங்கள். போனதும், பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பதை டாக்டர் கேட்கும் முன்பே நீங்களே சொல்லுங்கள்.