எலும்பின் வளர்ச்சியைக் கண்ட ஜான் ஹண்டர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

எலும்பு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சுடுகாடுதான். சதை அழிந்த பின்னும் எஞ்சி நிற்பது, உயிரற்றது, கல்லை ஒத்தது என்றே அதைக் கருதுகிறோம். ஆனால் நண்பர்களே, உயிருள்ள உடலின் எலும்பு, ஒருபுறம் இடிக்கப்பட்டு மறுபுறம் கட்டப்பட்டுக் கொண்டேயிருக்கும் வீடு! இவ்வுண்மையைப் பன்றிகளையும் கோழிகளையும் வைத்து மெய்ப்பித்தவர், பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாத ஒருவர். அவர்தாம் அறிவியல் முறை அறுவை மருத்துவத்தின் முன்னோடி என்று போற்றப்படும் ஜான் ஹண்டர். அவரைப் போற்றுவதற்காக மட்டும் இக்கட்டுரையை நான் எழுதவில்லை. அவர் வாழ்வில் என் மனத்தை உறுத்துகின்ற ஒரு பகுதியும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும்.

ஸ்காட்லாந்து நாட்டில், ஈஸ்ட் கில்பிரைடு என்னும் ஊரையடுத்த ஒரு பண்ணை வீட்டில் 1728-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஹண்டர் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி. ஏட்டுப் படிப்பில் அவருக்கு நாட்டமில்லை. எறும்பும் தேனீயும் பறவையும் தலைப்பிரட்டையுமே அவருடைய பாடப் புத்தகங்கள். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். அதன்பின் பண்ணை வேலையிலேயே சில ஆண்டுகள் கழிந்தன. 1748-இல், இருபது வயது இளைஞராக, லண்டன் மாநகருக்குச் சென்றார். அங்கே அவருடைய அண்ணன் வில்லியம் ஹண்டர் உடற்கூற்றியல் பள்ளி ஒன்றை நடத்தி வந்தார். பிணங்களை அறுத்து மாணவர்களுக்குக் காட்டத்தக்க வகையில் ஆயத்தம் செய்வதே தம்பிக்குக் கிடைத்த வேலை. அவ்வேலையில் அவருடைய கைத்திறன் விரைவிலேயே வெளிப்பட்டது. அக்காலத்தின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர்களான செசல்டன், பாட் ஆகியோரிடம் தொழில் கற்கும் வாய்ப்பும் வந்தது.

1755-இல் அவரை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள். இலத்தீனும் கிரேக்கமும் கற்றால்தான் பெரிய மனிதர்களோடு சமமாக நிற்க முடியும் என்பது அன்றைய எண்ணம். இரண்டு திங்கள்கூட அவர் அங்கே தங்கவில்லை. பிணவறைக்கே திரும்பிவிட்டார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு சொல். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை கொத்தனார். என் தாய் களையெடுக்கப் போகிறவர். பட்டத்தைத் தூக்கியெறிந்த மேதைகளின் கதை கேட்கச் சுவையாக இருக்கும். என்னைப் போன்றவனுக்கோ அந்தக் கதை பயன்படாது. ஹண்டருக்குப் பள்ளி நடத்தும் அண்ணன் இருந்தார். எனக்குப் பட்டம்தான் அண்ணன். எனவே அவர் ஆக்ஸ்போர்டை விட்டுச் சென்றதை நான் வியக்கவில்லை. விட்டுச் சென்ற பின் அவர் செய்த வேலையைத்தான் வியக்கிறேன்.

1760-இல் படை மருத்துவராகச் சேர்ந்து, பிரான்சை அடுத்த பெல் ஈல் தீவிலும் பின்னர் போர்ச்சுகலிலும் பணியாற்றி, 1763-இல் லண்டன் திரும்பினார். 1767-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். மறு ஆண்டு செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் அறுவை மருத்துவரானார். அம்மை குத்தும் முறையைக் கண்ட எட்வர்டு ஜென்னர் இவருடைய மாணவரே.

இனி எலும்புக்கு வருவோம். மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரிலிருந்து ஐரோப்பாவில் துணிக்குச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். அந்த வேரைத் தின்ற பன்றியின் எலும்பு சிவந்துவிடுகிறது என்பதை 1736-இல் ஜான் பெல்ச்சியர் என்னும் ஆங்கில மருத்துவர் அறிவித்தார். பிரான்சில் டுயமெல் என்பவர் இதை வைத்து மேலும் ஆராய்ந்தார். ஹண்டர் அதே சாயத்தைக் கடிகாரம் போலப் பயன்படுத்தினார் எனலாம். வேர் கலந்த தீவனத்தைப் பன்றிக்குச் சில காலம் கொடுப்பார், பிறகு நிறுத்திவிடுவார். சாயம் தின்ற காலத்தில் புதிதாகப் படிந்த எலும்பு மட்டுமே நன்றாகச் சிவந்திருக்கும். ஆகவே எந்தப் பகுதி எப்போது உண்டானது என்று நிறத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். எலும்பின் வெளிப்புறத்தில் புதிய அடுக்கு படிகிறது, உட்புறத்தில் பழைய அடுக்கு கரைந்து மஜ்ஜைக் குழி அகலமாகிறது என்று அவர் கண்டார்.

நீள வளர்ச்சி எங்கே நடக்கிறது? ஒரு பன்றிக்குட்டியின் கால் எலும்பில் சரியாக இரண்டு அங்குல இடைவெளியில் இரு துளைகள் இட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு ஈயக் குண்டைப் பதித்தார். பன்றி வளர்ந்தது, எலும்பும் நீண்டது. ஆனால் குண்டுகளின் இடைவெளியோ அதே இரண்டு அங்குலம்தான்! நடுத்தண்டு இழுபட்டு நீளவில்லை; முனைகளில்தான் எலும்பு வளர்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. எவ்வளவு எளிய சோதனை! எவ்வளவு உறுதியான விடை!

கட்டுபவர் யார், இடிப்பவர் யார் என்பது ஹண்டர் காலத்தில் தெரியாது. செல் கொள்கையே அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத்தான் பிறந்தது. இன்று நமக்குத் தெரியும். கருவில் மீசன்கைம் என்னும் திசுவின் செல்கள் ஓரிடத்தில் நெருங்கிக் கூடுகின்றன. அவற்றுட் பல முதலில் குருத்தெலும்புச் செல்களாகி, வருங்கால எலும்பின் அச்சை வார்க்கின்றன. பிறகு இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன. எலும்பாக்கும் செல்கள் வந்து கொலாஜன் இழைகளைப் பின்னி, அவற்றின்மேல் கால்சியம் பாஸ்பேட்டைப் படியவைக்கின்றன. என் தந்தை கம்பி கட்டிக் கலவை ஊற்றுவாரே, அதே முறைதான். இழை கம்பி, உப்பு கலவை. இடிக்கும் செல்கள் வேறு வம்சம். அவை இரத்தச் செல்களின் வழியில் வந்தவை.

வளர்ந்த உடலில் புதிய கொத்தனார்கள் எங்கிருந்து வருகிறார்கள்? 1960-களில் மாஸ்கோவில் அலெக்சாண்டர் பிரீடன்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் இதற்கு விடை தேடினர். எலும்பு மஜ்ஜையை எடுத்து, எலும்பே இல்லாத இடமாகிய சிறுநீரகத்தின் உறைக்கு அடியில் வைத்தனர். அங்கே எலும்பு உருவாயிற்று. அதனுள் மஜ்ஜையும் நிறைந்தது. மஜ்ஜையில் இரத்தத்தை ஆக்கும் செல்களோடு, எலும்பை ஆக்கும் வேறொரு வகைச் செல்லும் இருக்கிறது என்பது இதனால் விளங்கியது. கண்ணாடித் தட்டில் ஒட்டிக்கொண்டு கூட்டங் கூட்டமாக வளரும் இச்செல்களைப் பற்றிய அவர்களது கட்டுரை 1970-இல் வெளிவந்தது. இவற்றுக்கு மீசன்கைமல் ஸ்டெம் செல் என்னும் பெயரை 1991-இல் அமெரிக்கரான ஆர்னால்டு கேப்ளன் பரப்பினார். தூண்டுதலுக்கு ஏற்ப இவை எலும்பாகவோ, குருத்தெலும்பாகவோ, கொழுப்பாகவோ மாறவல்லவை. ரன்எக்ஸ்-2 என்னும் புரதம் இவற்றை எலும்பின் பக்கமும், சாக்ஸ்-9 குருத்தெலும்பின் பக்கமும் திருப்புகின்றன.

இதில் வியப்பான செய்தி ஒன்று. தட்டில் வளர்த்த ஸ்டெம் செல்கள் உண்மையிலேயே எலும்பாக மாறினவா என்று அறிய இன்றும் அலிசரின் என்னும் சிவப்புச் சாயத்தை ஊற்றிப் பார்க்கிறார்கள். கால்சியம் படிந்திருந்தால் தட்டு சிவக்கும். ஹண்டரின் பன்றிகள் தின்ற வேரில் இருந்ததும் அதே அலிசரின்தான்!

இனி, என் மனத்தை உறுத்தும் பகுதி. பன்றியோடும் கோழியோடும் ஹண்டரின் ஆவல் நின்றுவிடவில்லை. மனிதப் பல்லைச் சேவலின் கொண்டையில் நட்டுப் பார்த்த அவர், செல்வர்களின் வாயில் பிறர் பல்லை நடும் வழக்கத்தையும் ஆதரித்தார். அந்தப் பற்கள் ஏழைகளிடமிருந்து காசுக்கு வாங்கப்பட்டவை. நட்ட பல் நிலைக்கவில்லை. பிடுங்கிய பல் மட்டும் போனது போனதுதான்.

அயர்லாந்திலிருந்து 1782-இல் சார்லஸ் பைர்ன் என்னும் இளைஞர் லண்டன் வந்தார். ஏழரை அடிக்கும் மேற்பட்ட உயரம். தம் உயரத்தைக் காட்சியாக்கிப் பிழைத்தவர். உடற்கூற்றியலார் தம் பிணத்துக்குக் காத்திருப்பதை அறிந்து, இறந்தால் தம்மைக் கடலில் அடக்கம் செய்துவிடும்படி நண்பர்களிடம் வேண்டினார். 1783-இல், இருபத்திரண்டு வயதில் இறந்தார். ஆனால் பெருந்தொகை கைமாறியது. உடல் ஹண்டரிடம் போய்ச் சேர்ந்தது. அவருடைய எலும்புக்கூடு ஹண்டரின் காட்சிச்சாலையில் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நின்றது.

அந்த எலும்புகளால் அறிவியலுக்குப் பயன் உண்டானது உண்மை. 1909-இல் மண்டையோட்டைத் திறந்து பார்த்தபோது பிட்யூட்டரிச் சுரப்பி இருக்கும் குழி பெரிதாகியிருந்தது தெரிந்தது. எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்குள் வளர்ச்சி ஹார்மோன் அளவின்றிச் சுரந்ததே அவருடைய உயரத்துக்குக் காரணம். 2011-இல் அவர் பல்லிலிருந்து எடுத்த டி.என்.ஏ., வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களின் நோய்க்கும் அவருடைய நோய்க்கும் ஒரே மரபணு மாற்றமே காரணம் என்று காட்டியது. ஆயினும் வேண்டாம் என்று சொன்ன ஒரு மனிதனின் சொல், அவன் ஏழை என்பதால் மதிப்பிழந்துவிடுமா? 2023-இல் அக்காட்சிச்சாலை மீண்டும் திறக்கப்பட்டபோது பைர்னின் எலும்புக்கூடு காட்சிக்கு வைக்கப்படவில்லை. ஆனால் கடலும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆய்வுக்கென்று அது இன்னும் பாதுகாக்கப்படுகிறது. அன்றைய லண்டனில் என் தந்தை போன்றவர்கள் அறுவை மேசையைச் சுற்றி நின்றிருக்க மாட்டார்கள், மேசையின்மேல்தான் கிடந்திருப்பார்கள். பாடத்துக்காக ஓர் எலும்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம், இது யாருடையது, அவர் சம்மதித்தாரா என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். அந்தக் கேள்வியால் அறிவியல் குறைந்துவிடாது.

ஹண்டரின் சேகரிப்பை, அவர் இறந்த பின் 1799-இல், அரசு 15,000 பவுன் கொடுத்து வாங்கியது. ஏறத்தாழ 14,000 மாதிரிகள் அதில் இருந்தன. அதை அதுவரை காத்தவர் வில்லியம் கிளிப்ட் என்னும் ஏழை இளைஞர். ஹண்டரின் கையெழுத்துப் படிகளில் பலவற்றை மைத்துனர் எவரார்டு ஹோம் 1823-இல் எரித்துவிட்டார். கிளிப்ட் முன்னரே தம் கையால் படியெடுத்து வைத்திருந்தவை மட்டும் தப்பின.

ஹண்டரின் இறுதி நாளைச் சொல்லி முடிக்கிறேன். முன்பயிற்சிச் சான்று இல்லாத எவரையும் மாணவராகச் சேர்ப்பதில்லை என்று செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை புதிய விதி வகுத்திருந்தது. அதை அறியாமல் வந்த இரண்டு இளைஞர்கள் ஹண்டரிடம் முறையிட்டனர். 1793-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், நெஞ்சுவலியால் நெடுநாள் துன்புற்றிருந்த அவர், அவர்களுக்காக நிர்வாகக் கூட்டத்தில் வாதாடினார். ஒருவர் மறுத்துப் பேசினார். சினத்தை அடக்கிக்கொண்டு அடுத்த அறைக்குச் சென்ற ஹண்டர் அங்கேயே சாய்ந்து உயிர் நீத்தார்.

பைர்னின் விருப்பத்தை மிதித்தவரும் அவரே. சான்றில்லாத இருவருக்காகப் பேசி உயிர்விட்டவரும் அவரே. இரண்டையும் சேர்த்தே அவரை நினைக்க வேண்டும். எலும்பைக் காக்க, படிந்தால் மட்டும் போதாது, கரையவும் வேண்டும் என்று கற்பித்தவர் அவர். பெரியோர் வாழ்விலிருந்தும் கொள்ள வேண்டியதைக் கொண்டு, தள்ள வேண்டியதைத் தள்ளி வளர்வோமாக!